நொச்சி எண்ணெயும் அக்காவின் வலது கையும்

எங்கள் வீட்டைச் சுற்றி மண் என்று ஒன்று கிடையாது. மணல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, உடைந்த கிளிஞ்சல் இருக்கிறது. இரண்டடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், ஆனால் அதை வாயில் வைக்க முடியாது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பழவேற்காடு ஏரி, நடுவில் எங்கள் குப்பம். இந்த இடத்தில் மூலிகைச் செடி வளர்க்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று என் வீட்டுக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாத்துக்கு? மீனுக்கு வைத்தியம் பாக்கப் போறியா?" என்றார்.

நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். ஓரம் உடைந்துபோனதென்று ஐஸ் கடைக்காரர்கள் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து அடியில் ஓட்டை போட்டேன். திருப்பாலைவனத்தில் சித்தி வீட்டு வயலிலிருந்து சாக்கில் மண் கட்டி ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். மீன்கூடையை ஏற்றுவேன், மண் மூட்டையை ஏற்ற மாட்டேன் என்று சண்டை போட்ட ஓட்டுநரிடம் நானும் விடாமல் சண்டை போட்டேன். லாரியில் வரும் நல்ல தண்ணீரில் அரிசி கழுவி, அந்தக் கழுநீரைச் செடிக்கு ஊற்றினேன். துளசி, கற்பூரவல்லி, கற்றாழை, குப்பைமேனி, முடக்கத்தான், நொச்சி. பெட்டியில் ஊறிப்போயிருந்த மீன் வாடை போக ஒரு வருஷம் ஆனது. அதுவரை துளசியைக் கிள்ளி முகர்ந்தால் மடவை மீன் நாற்றம்தான் வரும். சாமிக்கு வைக்க முடியாது, குழம்பில் வேண்டுமானால் போடலாம் என்று தெருவே கிண்டல் செய்தது.

இதெல்லாம் எனக்குப் பரம்பரையாக வந்த அறிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் மீஞ்சூரில் வளர்ந்தவள். என் நைனா அங்கே ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அம்மா தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு மகளிர் குழுவில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். குளியல் பொடி, கற்றாழை சோப்பு, மூட்டுவலி எண்ணெய். மிச்சத்தை எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூன்று நாள் பயிற்சியையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு நான் பெரிய வைத்தியச்சியாக நடந்துகொண்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

என்னிடம் வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே ஆசைதான், முகம் வெளுக்க வேண்டும். காலையிலிருந்து உச்சிவெயில்வரை மீன் விற்றுவிட்டு, உப்பும் வேர்வையும் காய்ந்த முகத்தோடு வந்து உட்கார்ந்து, "ஒரு வாரத்துல வெளுத்துடுமா?" என்று கேட்பார்கள். குளியல் பொடியைக் கொடுத்து அனுப்புவேன். யாரும் வெளுத்ததாக நினைவில்லை. ஆனால் பொடி வாசமாக இருந்தது, கற்றாழை எரிச்சலைக் குறைத்தது, அதுவே அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அக்கா மட்டும் எதுவும் கேட்டதில்லை. அக்கா என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அண்ணன் இறந்து பல வருஷமாகிறது. ஒரே மகளை வைத்துக்கொண்டு எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள். கடைத்தெருவில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து, மீன் வாங்க வருகிறவர்களுக்குச் சுத்தம் செய்து வெட்டிக் கொடுப்பதுதான் அவள் தொழில். அந்தக் கை வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். செதில், செவுள், குடல், துண்டு என்று பேச்சு நிற்காமலே கை போய்க்கொண்டிருக்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மீன் வெட்டவே தெரியாது. குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு மீன் வெட்டத் தெரியாது என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். அக்கா யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாக வந்து, என் சட்டியை எடுத்துக்கொண்டு போய், வெட்டிக் கழுவிக் கொண்டுவந்து வைப்பாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தக் கைக்குத்தான் நான் வைத்தியம் பார்த்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், என் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் வலது கையில் அதைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக, நிறம் மங்கிய ஒரு திட்டு. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது.

"இன்னாக்கா இது?"

"தேமலா இருக்கும். அரிப்பு கூட இல்ல, வுடு."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். கேட்காதவளுக்கு நானாகவே போய்ச் சொன்னேன்.

குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் சேர்த்து விழுதாக அரைத்து, வாரத்தில் நான்கு நாள் பூசிவிட்டேன். மஞ்சள் ஏறிய கையில் வெளுத்த திட்டு எங்கே தெரியும்? எனக்கு அது மறைந்துகொண்டு வருவதாகவே தெரிந்தது. ஓரம் மெல்ல விரிந்துகொண்டிருந்ததை மஞ்சள் மூடிவிட்டது. சில மாதங்களில் அந்த இடத்து முடியெல்லாம் உதிர்ந்து தோல் வழவழவென்று ஆனது. குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் சேர்ந்தால் வேண்டாத முடி உதிரும் என்று வீடியோவுக்கு வீடியோ சொல்லியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலுதட்டு முடிக்காக என்னிடம் விழுது வாங்க வருகிற பெண்களிடம் அக்காவின் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினேன்.

"தொட்டுப் பாருங்க. குழந்தை தோலு கணக்கா இருக்குல்ல?"

அவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். அக்கா கையை நீட்டியபடி வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்து வந்த கோடையில் அவள் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும், அந்த இடம் மட்டும் காய்ந்தே இருக்கும். அதையும் கவனித்தேன். குளிர்ச்சி கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வலி வந்தது. முழங்கையின் உள்பக்கத்திலிருந்து சுண்டு விரல்வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சில நாள் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டாள். ஐஸில் கையை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு விரல் வலிப்பதும் மரத்துப்போவதும் இங்கே சாதாரணம். எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவளும் சொன்னாள், நானும் சொன்னேன். நல்லெண்ணெயைக் காயவைத்து, நொச்சி இலையையும் முடக்கத்தானையும் இடித்துப் போட்டு, சலசலப்பு அடங்கியதும் இறக்கிச் சூடம் சேர்த்தேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைவிட நொச்சியை இரண்டு மடங்கு போட்டேன். தினமும் சாயங்காலம் என் மடியில் அவள் கையை வைத்து முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உருவிவிடுவேன். நான்கைந்து மாதம் இப்படிப் போனது. அதற்குள் வலி குறைந்தது, பிறகு ஒரேயடியாக நின்றுபோனது.

"சுத்தமா இல்லமே" என்றாள் அக்கா. "கை என்துதானா, வேற யார்தோனு தோணுது, அவ்ளோ லேசா கீது."

அந்த வார்த்தையில் எல்லாமே இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு இன்னொரு பாட்டில் கொடுத்தேன்.

அடுத்து நடந்ததைக் கடைத்தெருவில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கெளுத்தி மீனின் முள் குத்தினால் எப்படி இருக்கும் என்பது குத்து வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். நல்ல உடல்பலமுள்ள ஆம்பளைகளே கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுவார்கள். அன்று அக்கா வெட்டிக்கொண்டிருந்த கெளுத்திக்கு உயிர் முழுசாகப் போகவில்லை. துள்ளியதில் பக்க முள் அவள் உள்ளங்கை ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஐயோ என்று எழுந்தார்கள். அக்கா குனிந்து பார்த்தாள், முள்ளைப் பிடுங்கிப் போட்டாள், ரத்தத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"வலிக்கலியா?"

"இல்லயே. தங்கச்சி குடுத்த எண்ண தடவறேன்ல."

அன்று மத்தியானமே ஆறேழு பெண்கள் என் வீட்டு வாசலில் நின்றார்கள். கெளுத்தி முள்ளுக்கே அசையாத கை என்றால் சும்மாவா? நான் பெரிய இரும்புச் சட்டி எடுத்துவைத்துக் காய்ச்ச ஆரம்பித்தேன். கடைத்தெருவில் யாருக்குக் கெளுத்தி வந்தாலும் அக்காவிடம் தள்ளிவிட்டார்கள். "இரும்புக் கைகிட்ட குடு" என்பார்கள். அவளும் பெருமையாக வாங்கி வெட்டினாள். வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்தக் கையில் குத்து விழுந்திருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு, என் எண்ணெய் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வீடு வீடாக வந்தார். வீட்டில் யாருக்காவது உடம்பில் தேமல், நிறம் மாறின இடம், தொட்டால் உணர்ச்சி தெரியாத இடம் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அக்கா வீடு பூட்டியிருந்தது, அவள் கடைத்தெருவில் இருந்தாள். பக்கத்து வீட்டில் எப்படி என்று என்னிடம் கேட்டார். அக்காவின் திட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அதுதான் நான் சரி செய்துவிட்டேனே.

"அப்படி யாரும் இல்லம்மா" என்றேன். அவருக்கு ஒரு பொட்டலம் குளியல் பொடி கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த வாசற்படியை நான் தினமும் தாண்டுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பதில் என் காலில் இடறுகிறது.

அக்காவின் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்க ஆரம்பித்தபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. நிமிர்த்தினால் பாதிதான் நிமிரும். வருஷக் கணக்காக மீனைப் பிடித்து அழுத்தி அழுத்தி நரம்பு சுருங்கியிருக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி உருவினேன்.

எண்ணெய் காய்ச்சுகிற அன்று அக்கா கூடமாட இருப்பாள். ஒரு பகல், சட்டியை இறக்கி வைத்துவிட்டு நாங்கள் வடிகட்டிக்கொண்டிருந்தோம். சட்டியை ஒட்டி ஒரு சின்னக் குண்டானை வைத்து, அதன் வாயில் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள் அக்கா. நான் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். அவள் மகளுக்குப் பார்த்திருந்த அனுப்பம்பட்டு மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பையன் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறான், குடியில்லை, மாமியார்க்காரி நல்ல மாதிரி. பேச்சுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாமே, எண்ண அடிபுடிச்சிக்கிச்சா? கருவற வாசன வருது."

எனக்கும் வந்தது. சட்டிக்குள் பார்த்தேன். எண்ணெய் தெளிவாக இருந்தது. அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். துணியைப் பிடித்திருந்த வலது கையின் ஓரம் இரும்புச் சட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. நாங்கள் பேச ஆரம்பித்ததிலிருந்து அங்கேயே கிடந்திருக்க வேண்டும்.

நான் கையைத் தட்டிவிட்டேன். தோல் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டது. அக்கா என் முகத்தைத்தான் பார்த்தாள், நான் எதற்குத் தள்ளினேன் என்று புரியாமல். அப்புறம்தான் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்குதாக்கா?" என்றேன்.

"இல்லமே" என்றாள். முதல் முறையாக அதை அவள் பயந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டதும் திட்டைப் பார்த்தார். நான் விடாமல் பூசிவந்த விழுதின் மஞ்சள் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க, முழங்கையிலிருந்து மணிக்கட்டுப் பக்கம்வரை வெளுப்பு தெரிந்துகொண்டே வந்தது.

"கண்ண மூடிக்கங்கம்மா. நான் தொட்டா, தொட்ட எடத்த சொல்லுங்க."

அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். டாக்டரம்மா பேனா முனையால் தொட்டார். திட்டில் தொட்டார், கையின் ஓரத்தில் தொட்டார், சுண்டு விரலில் தொட்டார், மோதிர விரலில் தொட்டார். அக்கா காத்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா அவள் முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, நரம்பு தடித்திருக்கிறது என்றார். அப்புறம் கேள்விகளை என்னிடம் கேட்டார். இந்த இடத்தில் முடி உதிர்ந்ததா? ஆமாம். வேர்க்குமா? வேர்க்காது. முன்னால் வலி இருந்து நின்றுபோனதா? ஆமாம். நான் எதையெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேனோ, அதையெல்லாம் அவர் வரிசையாகக் கேட்டு நோயின் அடையாளமென்று எழுதிக்கொண்டார். என்ன மருந்து போட்டீர்கள் என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தொழுநோய் என்று மெதுவாகச் சொன்னார். பயப்பட வேண்டாம், ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும், மருந்து ஆரம்பித்த பிறகு மற்றவர்களுக்குப் பரவாது, மாத்திரை இலவசம் என்றார். வீட்டில் உள்ளவர்களையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

"வெரலு நேராயிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"நரம்பு பாதிச்ச புதுசுல, அஞ்சாறு மாசத்துக்குள்ள வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வலி வந்த சமயம்தான் அது என்று எனக்குப் புரிந்தது. மடியில் கையை வைத்து நான் உருவிக்கொண்டிருந்த மாதங்கள். அந்த மாதங்களில் இந்த பஸ் தினமும் எங்கள் ஊரிலிருந்து கிளம்பிக்கொண்டுதான் இருந்தது.

கிளம்பும்போது, அந்தக் கை இனிமேல் சூட்டில் படக்கூடாது, ஐஸில் படக்கூடாது, கத்தி பிடிக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். அக்கா தலையாட்டினாள். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தினமும் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு எண்ணெய் தடவச் சொன்னார். எந்த எண்ணெய் என்று நான் கேட்டேன். எது இருந்தாலும் சரி, எல்லாம் ஒன்றுதான் என்றார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பொன்னேரி தாண்டியதும் என் காதருகில் சொன்னாள்.

"பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். பெருவியாதினு தெரிஞ்சா அனுப்பம்பட்டுக்காரங்க வாசப்படி மிதிப்பாங்களா? கெளுத்தி முள்ளு வெஷம் ஏறி வெரலு இஸ்துக்கிச்சினு சொல்லிக்கலாம். ஊரே நம்பும். நீ வாயத் தொறக்கக் கூடாது. உன் தாலி மேல சத்தியம் பண்ணு."

மாத்திரை சாப்பிட்டால் பரவாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். அது உனக்கும் எனக்கும் தெரியும், ஊருக்குத் தெரியுமா என்று கேட்டாள். சத்தியம் செய்தேன். நான் செய்து வைத்த காரியத்துக்கு அவள் கேட்டது அது ஒன்றுதான். எப்படி மறுப்பேன்?

என் வீட்டுக்காரர், அக்காவின் மகள், நான், மூன்று பேரும் போய்ப் பரிசோதித்துக்கொண்டோம். யாருக்கும் எதுவும் இல்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா வலது கையில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கு இடது கையால் சந்தனம் கொடுக்க முடியாமல் என்னைக் கொடுக்கச் சொன்னாள். கை என்ன ஆச்சு என்று சம்பந்தியம்மா கேட்டபோது கெளுத்தி முள் கதையைச் சொன்னோம். அந்தம்மா உச்சுக் கொட்டிவிட்டு, நல்ல எண்ணெய் ஏதாவது தடவக் கூடாதா என்று கேட்டார்.

மாத்திரை முடிந்துவிட்டது. நோய் போய்விட்டது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நோய் போன கை அப்படியே மடங்கித்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் பிடிவாதமாக அரிவாள்மணை முன்னால் போய் உட்கார்ந்தாள். மடங்கிய விரலுக்கு மீன் வால் பிடிபடவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. கை வெட்டுப்பட்டால் அவளுக்குத் தெரியாது. வெட்டிய மீனில் ரத்தம் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று வாங்க வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். இரண்டு மூன்று முறை அப்படி ஆனதும் பக்கத்துப் பெண்களிடம் போய்விட்டார்கள். அவள் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அக்கா கருவாடு காயப்போடுகிற இடத்தில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு காக்கா விரட்டுகிறாள். சூடும் ஐஸும் கத்தியும் இல்லாத வேலை எங்கள் ஊரில் அது ஒன்றுதான் கிடைத்தது.

ஊர் இன்னும் அந்தக் கதையைத்தான் நம்புகிறது. விரல் இழுத்துக்கொண்டது முள்ளின் விஷத்தால், வலி இல்லாமல் போனது என் எண்ணெயால். அதனால் எண்ணெய் கேட்டு இன்னும் வருகிறார்கள். அந்த எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் அவளுக்கு வலிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. செடி பட்டுப்போய்விட்டது என்கிறேன். நொச்சி பெட்டியை உடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். கை வலி என்று வருகிறவளை மட்டும் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் விரல் விரலாகத் தொட்டுப் பார்க்கிறேன். "இன்னாக்கா, ஜோசியமா?" என்று சிரிக்கிறார்கள். இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். இது அன்றைக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. ஒரு கோழி இறகு போதுமாக இருந்திருக்கிறது.

தினமும் சாயங்காலம் அக்கா வருகிறாள். தண்ணீர் சூடாக இல்லைதானே என்று என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு அவள் கையைத் தொட்டியில் வைக்கிறேன். காயம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பிறகு எண்ணெய். கடைசியில் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்கிறேன். எதுவும் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவளும் சலிக்காமல் கண்ணை மூடி, "இல்லமே" என்று சொல்வாள்.

நேற்று எனக்கு மனசு சரியில்லை. மத்தியானம் அரிவாளை எடுத்து அந்த நொச்சியை அடியோடு வெட்டப் போனேன். ஒரு கிளை விழுந்திருக்கும், அக்கா வந்துவிட்டாள்.

"அது இன்னாமே பண்ணிச்சு? பேஜார் பண்ணாம அரிவாள உள்ள வை" என்றாள். விழுந்த கிளையை இடது கையால் எடுத்து ஓரமாகப் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் நான் அதுவரை அழுததில்லை. அழுகிற உரிமை எனக்கு ஏது என்று அடக்கியே வைத்திருந்தேன். அவள் தொட்டியில் தண்ணீரை ஊற்றி, தானே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரைமணி நேரம் கழித்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கண்ண மூடுக்கா, தொட்டா சொல்லு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். என் அழுகைச் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"தெரியுதுமே" என்றாள். "லேசாத்தான். சுண்டு வெரல்தான தொடற?"

"ஆமாக்கா" என்றேன். "சுண்டு விரல்தான்."

என் கை இன்னும் எண்ணெய்க் கிண்ணத்தில்தான் இருந்தது. நான் அவளைத் தொடவேயில்லை.